சம்பளப் பட்டியலின் கடைசி வரி

அரசாங்க வைத்தியர் ஒருவரின் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மேல்பாதி வரவு, கீழ்ப்பாதி கழிவு. வரவில் அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, மேலதிகக் கடமைக் கொடுப்பனவு ஆகியவை வரும். அவற்றோடு ‘டாற்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற கொடுப்பனவும் உண்டு. வேளை கெட்ட வேளையில் கூப்பிட்டாலும் வருவதற்கும், அழைப்புக்குத் தயாராக நிற்பதற்கும், போக்குவரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற காசு அது. கழிவில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, கடன் தவணை, சங்கச் சந்தா. 2020 முதல் 2022 டிசம்பர் வரை பெரும்பாலான இளம் வைத்தியர்களின் பட்டியல் இதோடு முடிந்தது. 2023 ஜனவரியில் கழிவுக்குள் இன்னொரு வரி ஏறியது. வரி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பது அந்த மாதம் பலருக்குக் கசப்பாகவே விளங்கியிருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து மாதம் 2,50,000 ரூபா வாங்கும் வைத்தியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, 2019இல் அவர் மாதம் கட்டியது 12,000 ரூபா. 2020 முதல் 2022 வரை சதமும் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து 21,000. 2025 ஏப்ரலிலிருந்து 8,000. ஆறு வருடத்துக்குள் ஒரே சம்பளத்துக்கு நான்கு வேறு வரி. மாதம் 5,00,000 ரூபா உழைக்கும் விசேட வைத்தியருக்கு ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது: 2020இல் 15,000 ரூபாவாக இருந்த வரி 2023இல் 1,06,500 ஆகி, 2025இல் 86,000க்கு இறங்கி நிற்கிறது.

கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைமடுச் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பிப் போனால் குளக்கட்டு வரும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய, நூறு வயது கடந்த குளம். அதன் வாய்க்கால்களில் நெல் செய்கிற ஒருவரிடம் இந்த அட்டவணையை விரித்துக் காட்டினால், ‘இது பெரியாக்களின்ர பிரச்சினை’ என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நியாயம்தான். அவருக்கு வருமான வரிக் கோப்பு இல்லை. ஆனால் மாரி மழையோடு வயலுக்குள் இறங்கி நின்று எலிக்காய்ச்சல் கண்டால் அவர் போய்த் தட்டுகிற கதவுகள் இரண்டு: காலையில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை, பின்னேரம் என்றால் ஏதாவதொரு சந்தியில் இருக்கிற தனியார் டிஸ்பென்சரி. முதல் கதவு வரிப்பணத்தில் நிற்கிறது. இரண்டாவது கதவுக்குள் இருப்பவர் வரி கட்டிக்கொண்டு நிற்கிறார். கொழும்பில் வரிச்சட்டத்தில் ஒரு பந்தியை மாற்றினால் இரண்டு கதவும் அசையும்.

அசைந்தது எப்படி என்று பார்க்க 2019 டிசம்பருக்குப் போகவேண்டும். புதிய ஜனாதிபதி பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பெறுமதி சேர் வரி, அதாவது வற், 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. வற் பதிவுக்கான எல்லை வருடம் 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடிக்கு ஏறியது. 2020 ஜனவரியோடு, உழைக்கும்போதே கட்டுகிற ‘பேயி’ வரியும் போனது. வருமான வரி தொடங்கும் எல்லை வருடம் 30 இலட்சம் ரூபாவாக்கப்பட்டது. தனியார் வைத்தியசாலைக் கம்பனிகளின் வரி 28 வீதத்திலிருந்து 14 வீதமாகப் பாதியானது. வைத்தியர்களுக்குச் சந்தோசம், வைத்தியசாலை முதலாளிகளுக்கும் சந்தோசம். விதைப்புக்கு முன்னமே துருசைத் திறந்துவிட்டு, தண்ணி பாய்கிற சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்த கதை இது.

குளம் வற்றியது. வற்றியதற்கு வரிக்குறைப்பு மட்டும் காரணமில்லை. பெருந்தொற்று இருந்தது, உல்லாசப் பயணிகள் வரவில்லை, பழைய கடன்கள் தவணைக்கு வந்து நின்றன. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரச வருமானம் 8 வீதமளவுக்குக் கீழிறங்கியதில் அந்தக் குறைப்புக்குப் பெரிய பங்குண்டு. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைத்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே, மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்கவேண்டிய நிலை வந்திருந்தது. அந்த வருடம் மருந்து விலைகளை மார்ச்சில் 29 வீதமும் ஏப்ரல் கடைசியில் 40 வீதமும் உயர்த்த அரசு அனுமதித்தது. வைத்தியரின் பட்டியலில் வரி பூச்சியமாக இருந்த மாதங்களும், அவர் எழுதிக் கொடுத்த துண்டில் பாதி மருந்து வெளியில் வாங்கவேண்டியிருந்த மாதங்களும் ஒன்றுதான். இதை வைத்தியர் சங்கங்கள் அதிகம் பேசுவதில்லை. பேசியிருந்தால் அவர்களின் மற்ற வாதங்களுக்கு எடை கூடியிருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு எதிர்ப்பக்கம் ஓட்டம். 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரியில்லாத எல்லையை 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாக வெட்டியது. அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36 வீதம். மருத்துவச் செலவையும் காப்புறுதிக் கட்டணத்தையும் வருமானத்தில் கழிக்க 2020இல் கொடுத்த சலுகையும் அதோடு போனது. விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறிய உச்சத்தை நாடு 2022 செப்டெம்பரில்தான் கண்டிருந்தது. அந்தச் சூட்டோடு வரி வந்தது. 2023 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் பல்கலைக்கழக ஆசிரியர்களோடும் வங்கி, மின்சார, துறைமுக ஊழியர்களோடும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தது. மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. அட்டவணை மாறவில்லை.

வீதம் கூடியதா குறைந்ததா என்ற சண்டையில் மறைந்துபோன விடயம் ஒன்றுண்டு. வரிச் சட்டத்துக்கு ஆளைத் தெரியும், இடத்தைத் தெரியாது. கொழும்பில் ஒரு விசேட வைத்தியருக்குச் சம்பளம் அவரது வருமானத்தின் சிறு பங்கு. பின்னேரம் நான்கரைக்குப் பிறகு இரண்டு மூன்று தனியார் வைத்தியசாலைகளில் கட்டணத்துக்கு நோயாளர் பார்க்கிறார், அதாவது ‘சனல்’ பார்க்கிறார். கிளிநொச்சியிலிருக்கும் மருத்துவ அதிகாரிக்குச் சம்பளமே முழுசு. சனலுக்குக் காசு கட்டக்கூடிய ஆட்கள் இந்தப் பக்கம் குறைவு, இருப்பவர்களும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய்விடுகிறார்கள். சம்பளத்தில் பிடிக்கிற முற்பண வரி சதம் தப்பாது. கையில் காசாக வாங்குகிற கட்டணத்தில் எவ்வளவு கணக்குக்கு வருகிறது என்பது வைத்தியரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆக, ஒரே அட்டவணை வெளிச்சத்திலிருக்கிற வருமானத்தின் மேல் முழுப்பாரமாகவும், பாதி நிழலிலிருக்கிற வருமானத்தின் மேல் பாதிப் பாரமாகவும் விழுகிறது. வெளிச்சத்தில் முழுதாக நிற்பவர்கள் வன்னி போன்ற இடங்களுக்கு வந்தவர்கள்.

அரசுக்கு இது தெரியாமலில்லை. தனியார் வைத்தியசாலை ஊடாக வைத்தியருக்கு மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கட்டணம் போனால் 5 வீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் திரும்ப வந்தது. 2023 ஜூனில் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த ஒவ்வொருவரும் வரி செலுத்துநர் இலக்கம் எடுக்கவேண்டும் என்றானது. இரண்டும் சரியான திசை. ஆனால் 5 வீதம் பிடிப்பது வைத்தியசாலை எழுதுகிற காசோலையில். வைத்தியர் தன் வீட்டு முன்னறையில் மேசை லாச்சிக்குள் போடுகிற தாளுக்கு அந்த விதி எட்டாது.

இன்னொரு வேறுபாடு இதைவிட நுணுக்கமானது. தனியாகத் தொழில் நடத்துகிற வைத்தியர் வாடகை, தாதியின் சம்பளம், மின்சாரம், உபகரணத் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுகிற லாபத்துக்குத்தான் வரி கட்டுகிறார். சம்பளக்காரர் எதையும் கழிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் குடும்பத்தை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடி, திங்கள் விடியத் திரும்பி வருகிற வைத்தியருக்கு அந்த வாடகையும் பெற்றோலும் சொந்தச் செலவு. போக்குவரத்துக்கென்று பெயர்வைத்துக் கொடுக்கிற டாற் கொடுப்பனவுக்கும் வரி உண்டு.

டாற் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வரியைக் குறைக்க முடியாத அரசு 2024 ஜனவரியில் டாற் கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்கியது. நமது இரண்டரை இலட்ச ரூபா வைத்தியரின் பட்டியலில் வரவு 2,85,000 ஆகிறது. கூடின 35,000இல் முதல் 16,667 ரூபா 24 வீதப் படியிலும் மிச்சம் 30 வீதப் படியிலும் விழும். 9,500 ரூபா திரும்ப அரசுக்கே போகிறது. மொத்த வரி 30,500. கையில் 2,54,500. 2022இல் வரியே இல்லாமல் அவர் கையில் வாங்கியது 2,50,000. வரியால் போனதைக் கொடுப்பனவால் ஈடுசெய்து, மேலே நாலாயிரத்து ஐநூறு ரூபா மிச்சம். கணக்கு யார் போட்டதோ, அச்சொட்டாகப் போட்டிருக்கிறார்.

ஆனால் வைத்தியசாலை வைத்தியரோடு மட்டும் ஓடுவதில்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர், கதிர்ப்பட உத்தியோகத்தர், சிற்றூழியர் என்று எழுபதுக்கு மேற்பட்ட சுகாதாரத் தொழிற்சங்கங்கள் ‘எங்களுக்கும் தா’ என்று ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை உதவிக்கு அனுப்பினார்கள். வரிச்சட்டத்தில் செய்யவேண்டிய திருத்தத்தைச் சம்பளப் பட்டியலில் செய்யப்போனதன் விளைவு இது. வைத்தியர் கடமையில் இருந்தார். இரத்தப் பரிசோதனைக்கு ஆளில்லை.

இதற்கிடையில் போனவர்கள் போய்விட்டார்கள். 2022, 2023 இரண்டு வருடத்துக்குள் நாட்டைவிட்டுப் போன வைத்தியர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று சங்கம் சொன்னது. 2022 ஜூனிலேயே அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்து கதவு திறந்திருந்தது. இவர்கள் வரிக்காகத்தான் போனார்களா? பலர் போனது பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். பிரித்தானியாவில் வருடம் 50,270 பவுணுக்கு மேல் உழைத்தால் 40 வீதம் வரி, அதற்கு மேல் தேசியக் காப்புறுதி வேறு. 36 வீதத்துக்குப் பயந்து 40 வீதத்திடம் போகிற மனிதர் வீதத்தைப் பார்த்துப் போகவில்லை. கழித்த பிறகு கையில் நிற்பது எதை வாங்கும் என்பதைப் பார்த்துப் போகிறார். ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போன வருடத்தில் அந்தக் கணக்குப் போட கல்குலேற்றர் தேவையில்லை. வரி கடைசி உதை, அவ்வளவுதான்.

பிரித்தானியாவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. அதிகம் உழைப்பவர்களின் ஓய்வூதியப் பங்களிப்புக்கான வரிச்சலுகையை 2016இல் படிப்படியாகக் குறைத்தார்கள். மேலதிகமாக ஒரு நாள் சத்திரசிகிச்சை செய்தால் வருகிற சம்பளத்தைவிட வரிப் பில் பெரிதாக வரக்கூடும் என்று கண்ட மூத்த வைத்தியர்கள் மேலதிகக் கடமைக்கு மாட்டோம் என்றார்கள். நோயாளர் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. கடைசியில் 2023இல் அரசு அந்தச் சலுகையின் வருட எல்லையை 40,000 பவுணிலிருந்து 60,000 பவுணுக்கு உயர்த்தவேண்டி வந்தது. அங்கே விடுபட்டது சனிக்கிழமைச் சத்திரசிகிச்சை. இங்கே ஒரு தொகுதிக்கு ஒரேயொரு விசேட வைத்தியர் இருக்கிற வைத்தியசாலையில் அவர் போனால், அந்தக் கிளினிக்கே மூடப்படும். 2024 மேயில் நெதர்லாந்தின் நிதியுதவியோடு கிளிநொச்சி வைத்தியசாலையில் பெண்கள் ஆரோக்கியத்துக்கான உயர் நிலையம் திறந்தார்கள். கட்டடம் நல்ல கட்டடம். கட்டடத்துக்குச் சம்பளப் பட்டியல் இல்லை, அதனால் அது வெளிநாடு போகாது.

இனி இரண்டாவது கதவு. சந்தியிலுள்ள டிஸ்பென்சரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு விறாந்தை, இரண்டு வாங்கு, இலக்கத் துண்டு கொடுக்கிற ஒரு பிள்ளை. உள்ளே மேசை, பிறசர் பார்க்கிற கருவி, மருந்து வைக்கிற குளிர்சாதனப் பெட்டி, பின்னால் கரண்ட் போனால் இயக்குகிற சின்ன ஜெனரேற்றர். மருந்தைக் கடதாசி உறைக்குள் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனையால் கோடு கீறிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 40 பேர், ஆளுக்கு 1,000 ரூபா, மாதம் 25 நாள் என்று வைத்தாலும் வருட வரவு 1 கோடி 20 இலட்சம். வற் பதிவு எல்லை 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும், 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் குறைக்கப்பட்டது. நமது டிஸ்பென்சரி அதன் கிட்டவும் வராது. எல்லையைத் தாண்டினாலும் மருத்துவச் சேவைக்கு வற் விலக்கு.

விலக்கு என்றதும் வைத்தியருக்கு வற்றோடு சம்பந்தமில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. ஆடை ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்கு வற் பூச்சிய வீதம்: வாங்கின பொருட்களுக்குக் கட்டின வற்றைத் திரும்பக் கேட்கலாம். விலக்குப் பெற்ற சேவைக்கு அந்த உரிமை கிடையாது. வாங்குகிற மேசை, கதிரை, கணினி, குளிரூட்டி, ஜெனரேற்றர் எல்லாவற்றிலும் ஏறிய வற் வைத்தியரின் தலையிலேயே நிற்கும். வரி சேர்க்காமல் 10 இலட்சம் ரூபா பெறுமதியான தளபாடமும் சாதனமும் வாங்கினால் 2020இல் வற் 80,000 ரூபா. 18 வீதமான 2024இல் 1,80,000. டீசலுக்கும் பெற்றோலுக்கும் இருந்த விலக்கு 2024 ஜனவரியில் நீங்கியது. மருந்துக்கு வற் இல்லை, மருந்தைக் கொண்டுவருகிற வாகனத்தின் எரிபொருளுக்கு உண்டு. இந்தக் காசு பில்லில் வற் என்ற பெயரில் வராது. 800 ரூபாவாக இருந்த கட்டணம் ஒரு நாள் 1,000 ஆகும், அவ்வளவுதான். நோயாளி வைத்தியரைத் திட்டுவார். வரியைத் திட்ட அவருக்கு வழியில்லை.

வடக்குக்கு வரிச்சட்டத்தில் சலுகையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வட மாகாணத்தில் செய்கிற முதலீட்டுக்கு 200 வீத மூலதனக் கழிப்பு தருகிறது. மற்ற மாகாணங்களுக்கு 100 வீதத்தில் தொடங்குகிறது. காகிதத்தில் பார்த்தால் கிளிநொச்சியில் ஒரு வைத்தியசாலை கட்ட இதைவிட நல்ல சட்டம் வேண்டாம். ஆனால் இந்த நிரந்தரச் சலுகைக்குத் தகுதி பெற முதலீடு 30 இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டவேண்டும். இரண்டு வாங்கு போட்ட விறாந்தைக்காரரும், ஸ்கான் மெசின் ஒன்று வாங்க வங்கிக்கு அலைகிற வைத்தியரும் அந்த வாசலுக்கு வெளியே. பெரிய கம்பனி வரும் என்றால், அவர்களின் வரி 14 வீதத்திலிருந்து 2022 ஒக்டோபரில் 30 வீதத்துக்கு ஏறிவிட்டது. நோயாளி நிரம்பிய ஊரிலேயே அவர்கள் நிற்பார்கள்.

ஆகவே நோயாளிதான் போகிறார். போகிற இடத்தில் அவருக்கும் ஒரு வரி இருக்கிறது. தனியார் வைத்தியசாலைச் சேவைகளை வற்றுக்குள் கொண்டுவர 2016 மேயில் ஒரு முயற்சி நடந்தது. உரிய முறையில் சட்டமாக்கவில்லை என்று ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது. நவம்பரில் சட்டமாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு ஓயாமல் 2018இல் மருத்துவச் சேவைகளை மீண்டும் விலக்கினார்கள். ஒன்றை மட்டும் விடவில்லை: அறைக் கட்டணம். அறை எடுப்பது வசதி, வசதிக்கு வரி கட்டட்டும் என்பது எண்ணம். கொழும்பிலிருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் வற்றுக்குப் பதிந்த ஒரு தனியார் வைத்தியசாலையில் இரண்டு பேருக்கு ஒரே சின்னச் சத்திரசிகிச்சை என்று வையுங்கள். பின்னேரம் மயக்கம் தெளிந்ததும் கொக்குவில்காரர் முச்சக்கரவண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். நாளைக் காலை காயத்தைக் காட்ட வந்தால் போதும். இரணைமடுவிலிருந்து வந்தவருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. போகாவிட்டாலும், தையலோடு அந்தத் தூரம் போய், விடியத் திரும்பி வரமுடியாது. அவர் அறை எடுக்கிறார். கூடவந்த மனைவி தரையில் பாய் விரிக்கிறார். காலையில் பில் வருகிறது. வைத்தியருக்கு வற் இல்லை, மருந்துக்கு இல்லை, சத்திரசிகிச்சைக்கு இல்லை. அறைக்கு மட்டும் 18 வீதம்.